மூன்று பூவுக்கு விட்ட மரங்கள்

நேரில் கண்டதையும் விசாரித்து உறுதி செய்துகொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன். உறுதி செய்யாத ஒன்றை முன்பு என் மகளிடம் சொல்லிவிட்டேன். பட்டம் பெற்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதே அது. பள்ளித் தமிழாசிரியனான நான் அதைப் பாடம் நடத்தும் குரலில் சொன்னேன். அப்படிப் பிழைத்தவர் எவரேனும் உண்டா என்று எங்கள் பேத்துப்பாறையில் ஒரு வீட்டிலும் கேட்டதில்லை.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் வெண்ணெய்ப்பழத் தோட்டம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் மகள், நன்கு காய்க்கும் மரங்களிலிருந்து குச்சி ஒடித்து நாற்றுகளில் ஒட்டுக்கட்டினாள். பெரும்பாலானவை துளிர்த்தன. அக்கம்பக்கத்தார் கன்று கேட்டு வந்தார்கள். கல்லூரிக்குப் போக மாட்டேன் என்றாள்.

“காலேசுல என்னப்பா குடுப்பாங்க?”

“பட்டம்.”

“அது எந்த மாசம் காய்க்கும்?”

அவள் அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மரங்களைப் பூக்கணக்கில் குத்தகைக்கு விடுவது வழக்கம்; ஒரு பூ என்றால் ஓராண்டுக் காய்ப்பு. விட்டபின் தவணை முடியும்வரை உரியவர் ஒரு காயையும் தொடக் கூடாது. ஒட்டுக்கு ஒரு குச்சி ஒடிப்பதும் கூடாது. கல்லூரிப் படிப்பு மூன்றாண்டு. ஆகவே, வரும் மூன்று பூவுக்கு விட்டேன். எங்களுக்கு அப்போது பணமுடை ஏதுமில்லை. குச்சி கிடைக்காவிட்டால் அவளுக்கு இங்கே வேலை இராது என்று நினைத்தேன்.

குத்தகைக்காரரின் ஆள் தோட்டத்துக்கு வந்து, “பாப்பா, இனி இதுல கை வைக்கப்படாது” என்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திண்டுக்கல்லில் வணிகவியல் சேர்ந்தாள்.

மூன்றாம் ஆண்டின் இறுதித் தேர்வுக்கு முன் விடுதியை விட்டுப் போய்விட்டாள். அவளது தேர்வுச்சீட்டு கல்லூரி அலுவலகத்தில் வாங்கப்படாமல் இருக்கிறது, பார்த்தேன். வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தில் யாரோ ஒரு பெண்மணியின் கைப்பேசியை வாங்கி அம்மாவிடம் பேசியிருக்கிறாள். “நல்லாருக்கேம்மா. தேட வேணாம்.” அவ்வளவுதான். வயது வந்தவள், தானாகப் போயிருக்கிறாள் என்று காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். கன்னிவாடிப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். போனேன். அவள் இல்லை, அப்படி ஒருத்தி அங்கே வேலை செய்ததும் இல்லை.

நேற்று அய்யம்பாளையம் சென்று, மரங்களை இப்போதே திருப்பித் தந்துவிடும்படி குத்தகைக்காரரைக் கேட்டேன்.

“மூணாவது பூ இன்னும் காயாத் தொங்கிக்கிட்டுக் கெடக்கு. அதுக்குள்ள என்ன சார் அவசரம்?”

“மக வந்தா வேணும்.”

“மகள அனுப்பத்தான மரத்தக் குடுத்தீங்க. இப்ப மரத்தக் காட்டி மகளக் கூப்புடப் போறீங்களாக்கும்.”

“ஒரே ஒரு மரம் விடுங்க. காய் வேணாம். குச்சி ஒடிச்சுக்கிட்டாப் போதும்.” அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

“கைய விடுங்க சார், நல்லாவா இருக்கு. ஒடிச்சுக்கங்க. ஒட்டுக்கட்ட ஆளு எங்க?”

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. மரங்களை நான் ஏன் விட்டேன் என்பது அவளுக்குத் தெரியுமா என்பதும் தெரியவில்லை.