மலிவு லென்ஸில் என் முகம்

போன மாதம் மாசாயில் ஒரு கல்யாணம். சாப்பாட்டு வரிசையில் நானும் என் மகளும் தட்டோடு நிற்கிறோம். ஓர் இளம்பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! நீங்கதானே வாரா வாரம் பேப்பர்ல எழுதுறீங்க? நான் ஒன்னுகூட விடாம படிப்பேன்கா!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அடக்கமான புன்னகை ஒன்றைத் தயார் செய்தேன். ஆனால் அவள் பிடித்தது என் கையை அல்ல... என் மகளின் கையை!

மகளாவது மறுப்பாள் என்று பார்த்தால், கொஞ்சமும் கூச்சமில்லாமல் "தேங்க்யூ" என்கிறாள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அம்மாவா? நீங்களும் படிப்பீங்களாம்மா?"

"எப்பவாவது" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் மேல் தப்பில்லை. இந்தப் பத்திக்கு மேலே படத்தில் இத்தனை காலமாகச் சிரித்துக்கொண்டிருந்தாளே ஒருத்தி, அவளைத்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அந்தப் படம் எடுத்தபோது என் மகள் ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். படம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து சிரிக்கச் சிரிக்கக் கதை சொன்னேன். ஆனால் உள்ளே வலித்தது. வயதானதைப் பற்றி அல்ல. என் எழுத்தை அவ்வளவு ஆசையாகப் படிக்கிற ஒருத்தி, எதிரில் நின்றும் என்னைக் கண்டுகொள்ளவில்லையே என்ற வலி. போதாக்குறைக்கு, ஜொகூர் பாருவில் வாசகர் சந்திப்பு வேறு வரப்போகிறது. போஸ்டரில் அந்தப் பழைய படத்தைப் போட்டால், அதன் கீழே நான் என்னுடைய அம்மாவாகத்தான் நிற்க வேண்டும்!

ஆசிரியருக்குப் போன் செய்தேன். படத்தை மாற்ற வேண்டும் என்றேன்.

"அனுப்புங்க மேடம், உடனே மாத்திடலாம்!"

அந்த 'உடனே' கொஞ்சம் உறுத்தியது. போகட்டும்.

படம் எடுக்கும் பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு. அவர் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். அதாவது, சரியில்லை என்று சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவர். வீட்டில் என் சமையலை மட்டும் பாஸ் செய்துவிட்டார். அதிலும் ரசம் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

அவருடைய கேமரா இருக்குமிடம் எது தெரியுமா? அரிசி டின்! நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடுமாம், அரிசிக்குள் வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். உலை வைக்க அரிசி அள்ளப் போனால், முதலில் கையில் தட்டுப்படுவது கேமராப் பைதான்.

அதை வெளியே எடுத்து, என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, "ஒன்... டூ..." என்றார். அவ்வளவுதான். தோள் தூக்கிக்கொண்டது. கழுத்து நீண்டது. உதடு மட்டும் சிரிக்க, கண் பயந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த மாதிரியே ஒரு முகம். இடம் மாற்றினோம், சேலை மாற்றினோம், பவுடர் கூட்டினோம். முகம் மட்டும் மாறவில்லை. எல்லாம் ரிஜெக்ட்.

குற்றவாளி யார்? நான் இல்லை. அவரும் இல்லை. லென்ஸ்!

"கேமரா கிட்ட வந்தாலே நீ செலையாயிடறே. தூரத்துல நின்னு எடுக்கணும்மா. அதுக்கு டெலிஃபோட்டோ லென்ஸ் வேணும்."

"தூரத்துல இருந்து பார்த்தாத்தான் நான் அழகா இருக்கேன்னு சொல்றீங்களா?"

கேமராவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். விவரமான மனிதர்.

புது லென்ஸ் விலையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிட்டோம். பிறகு அவர் இணையத்தில் ஒரு பழைய லென்ஸைக் கண்டுபிடித்தார். குளுவாங்கில் ஒருவர் விற்கிறார். எங்கள் கல்யாணத்துக்கும் மூத்த லென்ஸ். முழுக்க இரும்பு மாதிரி கனம். விலையோ, குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிடுகிற செலவுதான்.

வாங்கிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் ஆரம்பித்தது விசாரணைக் கமிஷன்.

அது தானாக ஃபோகஸ் ஆகாதாம், வளையத்தைக் கையால் திருப்ப வேண்டுமாம். நம் கேமராவில் மாட்ட இடையில் இன்னொரு வளையம் வேண்டுமாம். உள்ளே பூஞ்சை இருந்தால்? இத்தனை மலிவாக ஏன் விற்கிறார்? சாப்பிடும்போது வீடியோ, படுக்கும்போது வீடியோ. யாரோ ஒரு வெள்ளைக்காரர் அதே லென்ஸைப் பற்றி எங்கள் படுக்கையறையில் பேசிக்கொண்டே இருந்தார்.

நான் கவனித்திருக்கிறேன்... விலை கூடிய பொருளை நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவோம். கார் வாங்க ஒரு மத்தியானம் போதும். மலிவான பொருளைத்தான் போலீஸ் மாதிரி விசாரிப்போம். ஏமாந்துவிட்டால் பணம் போகாது, மானம் போய்விடும் இல்லையா?

இதற்கிடையில் ஆசிரியரிடமிருந்து மெசேஜ். "மேடம், போஸ்டர் அச்சுக்குப் போகணும். படம்?"

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காரைக் கிளப்பிக்கொண்டு குளுவாங் போனோம். அங்கேயே சோதித்துப் பார்ப்பார், அப்படியே என் படமும் கிடைத்துவிடும் என்ற கணக்கில் நான் பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, முழு அலங்காரம். லென்ஸ்காரர் வரச் சொன்ன காப்பிக் கடையில் எல்லோரும் அரைக்கால் சட்டையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தலையும் திரும்பியது.

லென்ஸ் விற்கிறவர் ஒரு சீனப் பெரியவர். ஒரு காலத்தில் தோட்டத்துப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தாராம். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னைப் பார்த்ததும், "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

என்னவர் கைபேசி டார்ச்சை லென்ஸுக்குள் அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"பூஞ்சை மாதிரி தெரியுது... தூசியாவும் இருக்கலாம்..."

"பழைய சாமான் லா," என்றார் பெரியவர், காப்பியை ஊதிக்கொண்டே. "சும்மா மாட்டிப் பாருங்க. மோதிரம் நான் ஃப்ரீயா தரேன்." இடையில் மாட்டும் வளையத்தைத்தான் அப்படிச் சொன்னார்.

மாட்டினார். என் எதிரில் நின்றால் படம் தெளியவில்லை. பின்னால் போனார். இன்னும் பின்னால் போனார். கடையை விட்டு இறங்கி, சாலையையும் கடந்து, எதிர்க் கடை வாசலுக்கே போய்விட்டார். நான் புன்னகையோடு உட்கார்ந்திருக்கிறேன். குறுக்கே ஒரு லாரி போனது. அப்புறம் மோட்டார் சைக்கிள்கள். அவர் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். எனக்குக் கன்னம் வலித்தது, காப்பி ஆறியது. சரிதான் போ என்று புன்னகையைக் கழற்றி வைத்துவிட்டு ரொட்டியைக் கையில் எடுத்தேன்.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "கொஞ்சம் யோசிக்கணும்மா! ஃபோகஸ் லேசா வெலகுற மாதிரி இருக்கு!"

வந்ததே கோபம்! ரொட்டியோடு எழுந்து நின்றேன்.

"அலமாக்! இன்னும் என்னாங்க யோசிக்கிறீங்க? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள சரின்னு சொன்னீங்க! ஒரு பழைய லென்ஸுக்கு இத்தனை நாளா?"

கடை மொத்தமும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் சாலையைக் கடந்து வந்தார். கேமராத் திரையை என்னிடம் நீட்டினார்.

பின்னால் கடையெல்லாம் வண்ண வண்ணமாய்க் கரைந்துபோயிருக்கிறது. நடுவில் ஒருத்தி. வாய் பாதி திறந்திருக்கிறது, கையில் கடித்த ரொட்டி. பூ சரிந்து, காதோர நரை அப்படியே தெரிகிறது. கண்ணில் கோபமும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. என் அம்மா மாதிரி இல்லை. என் மகள் மாதிரியும் இல்லை. வாரா வாரம் உங்களோடு வம்பு பேசுகிறாளே, அவள்தான். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை, கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஓ, இதான் உங்க மிஸ்ஸிஸா? அப்ப, இவ்வளோ நேரம் இங்க உக்காந்து சிரிச்சாங்களே, அவங்க யாரு?"

அதற்குப் பிறகும் என்னவர், "இருந்தாலும் ஓரத்துல லேசா மங்கலா இருக்கு... இன்னொரு தடவை..." என்று இழுத்தார்.

நான் கைப்பையைத் திறந்தேன். கமிஷன் கலைந்தது.

இப்போது அரிசி டின்னில் இரண்டு பைகள். அரிசிக்குத்தான் இடமில்லை. ஆசிரியர், "வேற படம் இருக்கா மேடம்? இதுல யார் மேலயோ கோபமா இருக்கீங்களே" என்றார். இதுதான், இது மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

மாசாய்ப் பெண்ணே, அடுத்த கல்யாணத்தில் என்னைப் பார்த்தால் சரியான கையைப் பிடி. என் மகளோடு கைகுலுக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை, அவள் இதையெல்லாம் படிப்பதே கிடையாது.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே இருக்கும் புதுப் படத்தில் நான் யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம் — படம் எடுத்தவரைத்தான்!