பச்சை தீட்டிய காடு

என் மகள் வரைந்த வரைபடத்தைப் பார்த்து நான் பிறந்த ஊர் சிரித்தது. போன மாதம்தான். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தால் இப்போதும் கையிலிருக்கும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிடுகிறேன்.

புவியியல் படித்துவிட்டு, ஆற்றுக்கு வடியும் நிலங்களில் மண் எங்கே அரித்துப் போகும் என்று கணிக்கிற ஓர் அலுவலகத்தில் அவள் சேர்ந்திருந்தாள். விமானத்திலிருந்து எடுத்த படங்களை இரண்டிரண்டாக வைத்து, இரட்டை லென்ஸ் பொருத்திய கருவியில் பார்த்தால் மேடும் சரிவும் எழுந்து நிற்குமாம். அதைப் பார்த்து திருமணிமுத்தாற்றின் வடிநிலம் முழுவதற்கும் நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பு என்றால் மழையில் முதலில் மண் போகிற இடம். பச்சை என்றால் மரம் மூடிய நிலம், பயமில்லை. சிவப்பு நிலங்களுக்கு மட்டும் இந்த ஆண்டு மண்கரை போட்டுத் தருவார்கள்.

என் அண்ணனின் நிலம் ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அதன் நடுவே வெடிப்பு ஆழமாகிக்கொண்டே போகிறது. போன ஐப்பசியில் ஒரு வேப்பமரம் வேரோடு அதற்குள் சரிந்தது. தங்கை மகள் வேலை பார்க்கிற திட்டம் வருகிறதென்று அண்ணன் அந்தக் கரையை நம்பியிருந்தார். வரைபடத்தை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாட்டிக் காட்டப் போகிறார்கள் என்றதும் எனக்கும் சொல்லி அனுப்பினார். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மேட்டூரிலிருந்து பஸ் ஏறினேன்.

மாட்டியிருந்த வரைபடத்தில் அண்ணனுடைய நிலமும் அதைச் சுற்றியுள்ள நிலங்களும் மலை வரைக்கும் ஒரே பச்சையாக இருந்தன. பச்சைக்கு நடுவில் அழகான கையெழுத்தில் ‘காடு’ என்று எழுதியிருந்தாள்.

பின்வரிசையில் யாரோ முதலில் ஆரம்பித்தார்கள். “ஏனுங் கண்ணு, எங்க காட்டுல புலி கிலி கெடக்குதுங்களா?”

“நாளைக்குக் கடலக்காய் பொறுக்கப் போறவங்க துப்பாக்கி எடுத்துக்கிட்டுப் போங்கப்பா!”

“யானை வந்தா நம்ம எருமைய என்ன பண்றது?”

கூடம் குலுங்கியது. மகள் கையில் சுட்டுக்கோலுடன் நின்றாள். எதற்காகச் சிரிக்கிறார்கள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அவளுடைய அதிகாரிக்கும் தெரியவில்லை, அவர் தஞ்சாவூர்க்காரர். அண்ணன் மட்டும் சிரிக்காமல் எழுந்தார்.

“போட்டோவக் காட்டி இதென்னனு கேட்டியே சாமி, நம்மூட்டுக் காடுன்னு சொன்னேனே?”

“நீங்க சொன்னதைத்தான் மாமா எழுதியிருக்கேன். பழைய படம், அதுல மரம்தான் தெரிஞ்சது. காடுன்னு சொன்னீங்க.”

“வரப்புல நாலு வேலமரம் நிக்காதா? காடுதான். காடுன்னா…” என்று அண்ணன் என்னைப் பார்த்தார்.

எங்கள் பக்கம் காடு என்றால் உழுது விதைக்கிற மானாவாரி நிலம். அது எனக்குத் தெரியும். என் மகளுக்குத் தெரியாது. தெரியாதபடி வளர்த்தவள் நான்.

கல்யாணமாகி மேட்டூர் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில், குழாயடியில் “எங்கூட்டுக்கு வாங்க” என்றேன். வரிசையில் நின்ற பெண்கள் குடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் இப்படிப் பேசுகிறாளே என்று ஒருத்தி கேட்டாள். அன்றோடு அந்தப் பேச்சை விட்டேன். எழுபதுகளில் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது, லீவுக்கு மாமன் வீட்டுக்குப் போய்வந்து ஏதாவது புதுச் சொல் சொன்னால் வாயிலேயே ஒரு தட்டு தட்டினேன். பிறகு லீவுக்கு அனுப்புவதையும் குறைத்துக்கொண்டேன். அவள் சுத்தமாகப் பேசுகிறாள் என்று எல்லோரும் சொன்னபோது பெருமையாக இருந்தது.

குழாயடியில் என் மேல் விழுந்த சிரிப்புக்குப் பயந்துதான் அப்படி வளர்த்தேன். அதே சிரிப்பு இப்போது என் ஊரிலேயே அவள் மேல் விழுந்தது.

அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள். “அம்மா, காடுன்னா என்னம்மா?”

எல்லாத் தலையும் திரும்பியது. பட்டுச்சேலையோடு எழுந்து நின்றேன். “வெள்ளாமை பண்ற பூமி, கண்ணு. மழைய நம்பி வெதைக்கறது” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

“அப்ப புலி இருக்கிற காட்டை என்னன்னு சொல்வீங்க?” என்று அவள் கூட்டத்தைக் கேட்டாள்.

“அது பாரஸ்டுங்க!” என்று ஒரே குரலாக வந்தது. மறுபடி சிரிப்பு. இந்த முறை அதிகாரியும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

வரைபடம் அந்த வாரமே தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டியது. அதிகாரி அதைக் கழற்றிச் சுருட்டி, நிலத்தைப் பார்த்துத் திருத்திவிட்டு அனுப்பலாம் என்றார். நிலத்துக்குப் போனதும் மகள் அண்ணனோடு வெடிப்புக்குள் இறங்கிப் போனாள். நான் மேட்டிலேயே நின்றேன். உள்ளே போனவளின் தலைகூட எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு ஆழம். அதன் மேல்தான் அவள் பச்சை தீட்டியிருந்தாள்.

மேலே வந்ததும் படத்தை மண்ணில் விரித்து, அண்ணன் நிலத்தின் மேல் சிவப்புப் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கோடிட்டாள். “மழைக்கு முன்னால கரை வந்துருமா சாமி?” என்று அண்ணன் கேட்டார். “இன்னிக்குத்தான மாமா சிவப்பாச்சு. இனிமேதான் வரிசைல நிக்கணும்” என்றாள். அண்ணன் தலையாட்டினார். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பஸ்ஸில் அவள் செருப்பெல்லாம் செம்மண். ராசிபுரம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். “பள்ளம்னா குழிதானேம்மா?”

“இல்ல சாமி. நம்ம பக்கம் பள்ளம்னா ஓடை. தண்ணி ஓடற ஓடை.”

அவள் மெல்லக் கண்ணை மூடிக்கொண்டாள். “எத்தனை ஊர்ல குழின்னு போட்டிருக்கேன் தெரியுமா?” என்றாள். மடியில் இருந்த சுருளை விரித்து, பென்சிலை எடுத்து, “சொல்லுங்க, வேற என்னென்ன இருக்கு?” என்றாள்.

சேலம் வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.