காலியாக விட்ட கட்டம்

டுவெய்ன் மிஷோ இருபத்தாறு வருடங்களாக அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் வடகோடிப் பள்ளி ஒன்றில் கல்லூரி வழிகாட்டி. மாணவர்களுக்காகக் கல்லூரிகளுக்கு எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் யாரையும் மிகையாகப் புகழமாட்டார். 'கடும் உழைப்பாளி' என்று எழுதி முடித்துவிடுவார். அதற்குமேல் ஒருவரைப் பற்றிச் சொல்வது அந்த ஊருக்கே கூச்சம்.

நவம்பர் கடைசியில் ஒரு கல்லூரியின் சேர்க்கை அதிகாரி கிரெட்சென் போன் செய்தார். இடம் கொடுத்தால் வேறெங்கும் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு, அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தாள் மிஷோவின் மாணவி ரோஷெல்.

"மார்க் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா படிப்பைத் தாண்டி என்ன செய்றாங்கற கட்டம் காலி. உங்க லெட்டரும் ஒண்ணும் சொல்லல. போன வருஷம் வேற பிள்ளைக்கும் இதே ரெண்டு வார்த்தைதான் எழுதியிருந்தீங்க."

"இங்க எல்லாருமே அப்படித்தாம்மா."

"அதனாலதான் கேக்கறேன். இவகிட்ட மட்டும் என்ன இருக்கு? நாளைக்கு மதியம் கமிட்டி கூடுது."

மிஷோ போனை வைத்தார். ரோஷெலை அழைத்தார்.

"ஸ்கூல் விட்டதும் எங்க போற?"

"என்ன சார், போலீஸ் மாதிரி? உருளைக்கிழங்குக் கிடங்குக்குத்தான். எல்லாரும் போறாங்களே."

"அங்க என்ன பண்ற?"

"அழுகினதைப் பொறுக்கித் தூக்கிப் போடுவேன்." கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம்... மோந்து பாப்பேன். சிரிக்காதீங்க. அழுகறதுக்கு நாலு நாள் முன்னாடியே வாடை மாறிடும். எந்த அறையில, என்னிக்கு, எவ்வளவு குளிர்ல மாறுச்சுன்னு மூணு வருஷமா நோட்டுல எழுதறேன். எந்த அறையை முதல்ல காலி பண்றதுன்னு முதலாளியே இப்ப என்னைத்தான் கேக்கறாரு."

"இதை ஏன் எழுதல?"

"அது வேலை சார். வேலைக்குப் போறதைப் போய் யாராவது பெருமையா எழுதுவாங்களா?"

மறுநாள் காலை மிஷோ அதை அப்படியே கிரெட்செனிடம் சொன்னார். நோட்டின் பக்கங்களையும் அனுப்பினார்.

"நாங்க தேடறது இதுதான் சார். மெடல் இல்ல. யாரும் சொல்லாமலே ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு விடாம இருக்கறது. முதல்லயே எழுதியிருக்கலாமே?"

"எனக்கே நேத்துதான் தெரியும்."

டிசம்பர் நடுவில் இடம் கிடைத்தது. ரோஷெல் ஓடிவந்தாள்.

"என்னைப் பத்தி என்ன சார் சொன்னீங்க?"

"நீ சொன்னதைத்தான்."

"மோந்து பாக்கறதையா? போச்சு, மானமே போச்சு!" சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மிஷோ கதவைச் சாத்திவிட்டு பழைய கோப்புகளை எடுத்தார். அதே கல்லூரி திருப்பியனுப்பிய ஆறு பிள்ளைகள். ஆறு கடிதங்களும் அவர் எழுதியவை. முகங்கள் நினைவிருந்தன. பள்ளி விட்டதும் அவர்கள் எங்கே போனார்கள், என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தார். ஒருவரைப் பற்றியும் அவருக்குத் தெரியவில்லை.