மெல்லத் தட்டினால் உட்கார வேண்டும்

கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியைப் பாட்டு மிஸ் பலமாகத் தட்டினால் பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். விரல் நுனியால் மெல்லத் தட்டினால் உட்கார்ந்துவிட வேண்டும். ஓசூரில் எங்கள் தெருமுனை மழலையர் பள்ளியின் சன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மூன்றரை வயதான என் மகளும் சரியாக எழுந்தாள், சரியாக உட்கார்ந்தாள், மற்றவர்களைவிட ஒரு நொடி தாமதமாக. அந்த ஒரு நொடி எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அப்போது அவளுக்கு நாலைந்து சொற்களுக்கு மேல் பேச்சு வரவில்லை. வீட்டில் தமிழ், மாமியாரோடு தெலுங்கு, மாடி வீட்டில் கன்னடம். இந்த ஊரில் பேச்சு தாமதமாகும் பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் சொல்வதையே நானும் நம்பினேன்: மூணு பாஷையில குழம்புது, தானா வந்துரும். மிஸ்ஸும் பாதிப் பாட்டைக் கன்னடத்தில் பாடுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

ஒரு நாள் மிஸ் என்னை வாசலில் நிறுத்தினார். பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து அதே ஆட்டத்தை ஆடிப் பார்த்ததாகச் சொன்னார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. பாப்பா காதால கேட்டு உக்காரல. பக்கத்துப் பசங்களப் பாத்து உக்காருது. ஒரு தடவ டாக்டர்கிட்ட காமிச்சிருங்க."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கர்ப்பத்தில் சாப்பிட்ட மாத்திரையா, குளிப்பாட்டும்போது காதில் போன தண்ணீரா என்று ஏற்கெனவே தூங்காமல் யோசித்துக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பயத்தை இன்னொருவர் வாய்விட்டுச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாளே தலைமையாசிரியையிடம் போய், பாட்டுச் சொல்லித்தராமல் பிள்ளைக்குக் குறை கண்டுபிடிக்கிறார், கன்னடத்தில் பாடிக் குழப்புகிறார் என்று புகார் சொன்னேன். துணைக்கு இரண்டு அம்மாக்களையும் சேர்த்துக்கொண்டேன். கோடை விடுமுறைக்குப் பிறகு மிஸ் வரவில்லை.

பேச்சும் தானாக வரவில்லை. மகள் ஐந்து வயதை நெருங்கியபோதுதான் பெங்களூருக்குப் போய்ப் பரிசோதித்தோம். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. இதற்கு முன்னால் யாரும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லையா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றார் என் கணவர். மிஸ் சொன்னதை அவரிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை. அன்றும் சொல்லவில்லை.

போன மாதம் மகளோடு போகும்போது கம்பெனி பஸ் நிற்குமிடத்தில் மிஸ்ஸைப் பார்த்தேன். நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை என்றார். பாட்டு வகுப்பு எடுக்கிறீர்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் விட்டாச்சு மேடம்."

சொல்லும்போதே மகளின் காதுக்குப் பின்னாலிருந்த கருவியைப் பார்த்துவிட்டார். சிக்னலில் வண்டிகள் நின்று சத்தம் அடங்கிய நேரம் பார்த்து, அவளுக்குப் பின்னால் போய் நின்று, அவள் பெயரை மெல்லச் சொன்னார். மகள் திரும்பினாள்.

"கேக்குது," என்றார் மிஸ். அதற்குள் பஸ் வந்துவிட்டது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குள் அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"யாரும்மா?" என்று மகள் இன்னும் தெளியாத பேச்சில் கேட்டாள். உன் பாட்டு மிஸ் என்றேன். அவளுக்கு நினைவில்லை. அவர் பாடிய எந்தப் பாட்டும் அவள் காதில் முழுதாக விழுந்ததில்லை.