கூட்டல் கணக்குதானே கண்ணு?

என் வீட்டுக்காரரு வேலப்பன் தேயிலைத் தோட்டத்துல லோரி ஓட்டுறாரு. படிப்பு கம்மி, பேச்சு அதைவிடக் கம்மி. மக பூவிழி அழுதா மட்டும் தாங்க மாட்டாரு.

அவ ஃபார்ம் ஃபைவ், அதாவது பதினோராம் வகுப்பு படிக்கிறா. அதுல ஆட் மேத்ஸ்னு ஒரு கஷ்டமான மேல்கணக்குப் பாடம். அந்த நோட்ஸைக் கலர் கலரா எழுதி வச்சிருப்பா, கோலம் மாதிரி. பரீட்சையில ஃபெயில். போன வாரம் அழுதுகிட்டே, "இந்தப் பாடத்தை விட்டுடறேன்ப்பா"ன்னா. விட்டா, அவ ஆசைப்பட்ட இன்ஜினியர் படிப்பு கிடைக்காது.

"கூட்டல் கணக்குதானே கண்ணு? இதுக்கா அழுவுற?"ன்னாரு இவரு. ஆட்னா கூட்டல்னு நெனச்சுட்டாரு மனுஷன்!

அழுதவ சிரிச்சுட்டா. "ஐயோப்பா, கூட்டல் இல்லலா!"

"அப்ப என்னன்னு சொல்லு."

நோட்ஸைப் பார்த்து வாசிச்சா. அவரு பேந்தப் பேந்த முழிச்சாரு. அவ நோட்ஸை மூடிட்டு, தன் சொந்த வார்த்தையில சொல்ல ஆரம்பிச்சா.

"இந்த வளைவுக் கோடு, நீங்க கீழ ரிங்லெட் டவுன்லேருந்து லோரியில ஏறி வர்ற மலை ரோடுன்னு வச்சுக்குங்க. ஒவ்வொரு எடத்துலயும் ஏத்தம் எவ்வளவுன்னு கண்டுபிடிக்கணும். உச்சிக்கு வந்துட்டா ஏத்தமும் இல்ல, எறக்கமும்..." சட்டுனு நின்னுட்டா. "அப்பா! அங்க ஏத்தம் சைபர்! அதை வச்சுத்தான் போட்டிருக்கணும், நான் தப்பாப் போட்டிருக்கேன்!"

பென்சிலை எடுத்துக் குனிஞ்சவ நிமிரல.

"சாப்பிட வாங்க"ன்னு கூப்பிட்டேன். இவரு வாயில விரலை வச்சு என்னை அடக்கினாரு. கால் மரத்துப் போயும் அசையல. ஒரு கணக்கு முடிஞ்சதும் அவளே அடுத்ததை எடுத்தா.

தோசை ஆறினா ஆறட்டும்னு நானும் போய்ப் பக்கத்துல உட்கார்ந்தேன்.