யாருடைய தோள் அது?

அமீரகத்தின் புஜைராவில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் டிரைவராக இருந்தேன். இரண்டு இன்ஜினியர்களைக் காலையில் ஃபிளாட்டிலிருந்து சைட்டுக்குக் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்பக் கூட்டிவருவது என் டூட்டி. ஒருவர் அமெரிக்கர், மற்றவர் கொரியாக்காரர். ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஏதாவது வாதாடிக்கொண்டே வருவார்கள். என் ஆங்கிலத்துக்கு அதில் பாதி வெறும் சத்தம்தான்.

ஒருநாள் மாலை ‘ரொட்டேஷன்’ என்ற சொல் காதில் விழுந்தது. எங்கள் கிடங்கில் அது டூட்டி மாற்றத்துக்கான பேச்சு. யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு லீவு என்பதெல்லாம் அதில்தான் வரும். கவனமாகக் கேட்டேன். ரொட்டேஷனில் ஆள் போதாது, ஓனர் கையை இறுக்குகிறார் என்று கொரியாக்காரர் பொரிந்தார். அமெரிக்கர் மறுத்தார். பிறகு யாரோ ஒருவரின் ஷோல்டர் போய்விட்டது, ரிலீஸ் பண்ண வேண்டியதுதான் என்பதுபோல் வந்தது. ரிலீஸ் என்றால் எங்களுக்கு வேலையை விட்டு அனுப்புவது.

ஷோல்டர் என்றதும் என் ரூம்காரர் நினைவுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதே கிடங்கில் வால்வு திறந்து மூடும் வேலை. கொஞ்ச நாளாக வலது தோளைத் தூக்க முடியாமல், வெளியே சொல்லாமல், இடது கையால் சமாளித்துக்கொண்டிருந்தார். ரூமுக்குப் போனதும் அவரிடம் சொன்னேன்.

“அண்ணே, ஒங்க தோள் விசயம் அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு போல.”

“என்ர பேர் சொன்னவையோ?”

“பேர் சொல்லல. ஷோல்டர், ரிலீஸுன்னாங்க. ஓனர் செலவு பண்ண மாட்டாராம்.”

“வடிவாக் கேட்டனீயோ, தம்பி?”

“கேட்டேண்ணே. ஆனா சரியாப் புரியல.”

அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. காலையில் நான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது பார்க்கிங்கில் நின்றிருந்தார். இன்ஜினியர்கள் இறங்கியதும் நேரே போய், “சேர், மை ஷோல்டர் குட். நோ ரிலீஸ்” என்று வலது கையை உயர்த்தினார். காது உயரத்துக்கு வந்த கை அங்கேயே நின்றுவிட்டது. முகம் கோணியது.

இருவரும் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்கள். நான் கேட்டதை அரைகுறையாகச் சொன்னேன். “பேஸ்பால், பேஸ்பால்” என்றார் கொரியாக்காரர். அமெரிக்கர் போனில் ஒரு படம் காட்டினார். அதில் ஒருவன் காலைத் தூக்கிப் பந்தை எறிந்தான். தோள் அவனுடையதாம். ஓனர் அந்த டீமுக்கு ஓனராம். ரொட்டேஷன் என்பது ஐந்து பேர் முறை வைத்து எறிவதாம். இன்று எறிந்தவனுக்கு அடுத்த நாலு நாள் ஓய்வாம்.

சிரித்துக்கொண்டே சொன்ன அமெரிக்கர், பாதியில் நின்ற கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். எத்தனை நாளாக இப்படி என்று என்னைக் கேட்டார். உண்மையைச் சொன்னால் நிஜமாகவே ரிலீஸ் ஆகிவிடுமோ? பொய் சொன்னால் தோள் என்ன ஆகும்? யோசிப்பதற்குள், “லாங் டைம், சார்” என்று வாயில் வந்துவிட்டது.

அன்றே கிளினிக்குக் கூட்டிப்போனார்கள். கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தவரை வால்வு வேலைக்கு அனுப்பாமல் வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

“இது நல்லதுக்கோ கெட்டதுக்கோ விளங்கேல்லை, தம்பி. இருத்திப்போட்டு அனுப்பிப்போடுவினமோ?”

அவரே இன்னொன்றையும் கேட்டார்: “ஒரு நாள் எறிஞ்சுபோட்டு நாலு நாள் சும்மா இருக்கிறவனுக்கே ஓனர் தாற காசு காணாது எண்டோ சண்டை பிடிக்கினம்?”

“அப்படித்தாண்ணே சொன்னாங்க. நம்ம கிரிக்கெட்டுல நாள் முழுக்கப் பந்து போட்டுட்டு மறுநாளும் போடுறானே.”

யாரும் அவரை அனுப்பவில்லை. கோடை தொடங்கும் முன் தோள் தேறி, பழைய வேலைக்கே திரும்பினார்.

வண்டியில் வாதம் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் கொரியாக்காரர் என்னிடமே நியாயம் கேட்டார். ரொட்டேஷனில் ஐந்து பேர் போதுமா, ஆறு பேர் வேண்டுமா? ஆறு என்றேன். இன்னொருவனுக்கும் வேலை கிடைக்குமே என்றுதான் நினைத்தேன். கொரியாக்காரர் என் முதுகில் தட்டினார். அமெரிக்கர் ஃபிளாட் வரும்வரை என்னோடு பேசவில்லை. நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.