சுக்கானை ஒரு சாண் நீட்டினேன்

கடக்வாஸ்லா ஏரியில் மூன்று ஞாயிறுகள் தொடர்ந்து எங்கள் படகைக் காவல் படகுக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தார். இரண்டு ஒல்லியான உடல்களைச் சட்டத்தால் பிணைத்த பாய்ப்படகு, கேட்டமரான். நேராக விட்டால் பறக்கும். காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பினால் பாதியில் நின்று, பின்னால் நகரத் தொடங்கும்.

மூன்றாம் முறை கரையேறியதும் மனைவி சொல்லிவிட்டாள்: "ஏனுங்க, இன்னும் ஒரு தடவை பாக்கலாம். அப்பவும் இழுத்துட்டு வந்தாங்கன்னா இதை வித்துருங்க. எல்லாரும் சிரிக்கறாங்க."

வாரம் முழுவதும் அந்தப் படகை நினைத்துத்தான் நான் சாகண் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய் வந்தேன். அங்கே கார் ஸ்டீயரிங் வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. திரும்பாத ஒன்று என்னிடம் தப்பிவிடுமா? குற்றவாளி சுக்கான்தான் என்று தீர்ப்பெழுதினேன்.

பழைய சுக்கான்கள் குட்டையாக, அகலமாக, பின்னால் சாய்ந்திருந்தன. சாய்வினால் தண்ணீரின் அழுத்தம் கைக்கு வந்து தோள் கடுக்கும். குட்டையானதால், காற்றில் படகின் ஒரு உடல் மேலே எழும்போது அந்தப் பக்கச் சுக்கான் வெளியே வந்துவிடும். ஆகவே ஒரு சாண் கூடுதல் நீளத்தில், ஒடுக்கமாக, செங்குத்தாக இரண்டு செய்தேன். முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெலிதாக இழைத்தேன். ஒரு மாதம் பால்கனியெல்லாம் மரத்தூள். துணி காயப்போட இடமில்லை என்று தினமும் திட்டு வாங்கினேன்.

தண்ணீரில் இறக்கினால், சுக்கானைத் திருப்பும் கம்பு ஒரு விரலுக்கே அசைந்தது. "பாத்தியா?" என்றேன்.

திருப்பம் வந்தது. கம்பை ஒரே தள்ளாகத் தள்ளினேன். படகு நின்றது, பழையதைவிடச் சீக்கிரமாகவே. மறுபடி வேகம் எடுத்து இன்னும் பலமாகத் தள்ளினேன். மறுபடி நின்றது. காவல் படகுக்காரர் தூரத்திலிருந்தே, "தாதா, யேவூ கா?" என்று மராத்தியில் கத்தினார்.

"வர வேண்டாம்னு சொல்லுங்க," என்றாள் மனைவி. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நகருங்க."

இடம் மாறினோம். வேகம் பிடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கம்பை மெதுவாக, படகு திரும்பத் திரும்பக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். மூக்கு காற்றைக் கடந்தது. பாய் மறுபக்கம் நிறைந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாலையில் டயருக்குப் பிடிமானம் இருக்கிறது. தண்ணீரில் நீளச் சுக்கானை வெடுக்கென்று குறுக்கே திருப்பினால் அது பிரேக். நான் செய்த சுக்கான் அருமையானது. தண்ணீரை நன்றாகப் பிடித்தது, அதனால் நான் போட்ட பிரேக்கும் நன்றாகப் பிடித்தது. பதினாறு வருட ஸ்டீயரிங் எஞ்சினியருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாகவும் இருந்தது.

"அப்ப வித்துரலாங்கறியா?" என்று கேட்டேன்.

அவள் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு விக்கோணும்? நல்லாத்தான செஞ்சிருக்கீங்க. கம்பு மட்டும் இனிமேல் எங்கிட்ட இருக்கட்டுமுங்க."